அரசு ஆராய்ச்சி மானியம் வாங்குவது எப்படி? மதுரைப் பக்கத்துச் சிறு தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு முழுமையான வழிகாட்டி

புதிதாக ஒரு கருவியையோ பொருளையோ மென்பொருளையோ செய்து பார்க்க, 2 லட்சத்திலிருந்து 50 லட்சம் ரூபாய் வரை திருப்பிக் கட்ட வேண்டாத பணத்தை மத்திய அரசும் மாநில அரசும் தருகின்றன. கப்பலூரிலும் கே.புதூரிலும் பட்டறை வைத்திருப்பவர்கள், இலந்தைகுளம் ஐடி பூங்காவில் நாலைந்து பேரை வைத்து நிறுவனம் நடத்துபவர்கள், படிப்பை முடித்துவிட்டு வீட்டு மாடியில் ஏதாவது சர்க்யூட் கோத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என்று நம் பக்கத்தில் இதற்குத் தகுதியானவர்கள் ஏராளம். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் "அதெல்லாம் ஐஐடிக்காரங்களுக்குத்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணம் தவறு. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேட்டால் பிஎம்இஜிபி (மத்திய அரசுத் திட்டம்), நீட்ஸ் (மாநில அரசுத் திட்டம்) என்று சொல்வார்கள். நல்ல திட்டங்கள்தான், ஆனால் அவை வங்கிக் கடனோடு சேர்ந்து வருபவை. தெரிந்த தொழிலை, தெரிந்த இயந்திரத்தை வைத்துத் தொடங்குபவர்களுக்கானவை. நீட்ஸில் திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியமாகக் கிடைக்கும், மீதிக்கு நீங்கள் வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி மானியம் வேறு வகை. அது ஒரு தொழில்நுட்பக் கேள்விக்கு விடை தேடுவதற்காகத் தரப்படும் பணம். நேர்மையாக வேலை செய்து, கணக்கை ஒழுங்காக ஒப்படைத்து, கடைசியில் "இது வேலைக்கு ஆகவில்லை" என்று விடை வந்தாலும் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்லப்போகும் எல்லாமே எளிதாகப் புரியும்.

படி 1: உங்கள் கேள்வி என்ன?

என் கண்ணில் பட்ட பலவீனமான விண்ணப்பங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் விழுகின்றன. இயந்திரம் வாங்க வேண்டும், இடம் எடுக்க வேண்டும், ஆள் போட வேண்டும் என்று எல்லாம் இருக்கும், எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பது மட்டும் இருக்காது. ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதோடு போவோம்.

மல்லிகை மொட்டை விரியவிடாமல் வெளியூருக்குக் கொண்டுபோகும் ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்பது உங்கள் யோசனை என்று வைத்துக்கொள்வோம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் அதன் விலை எப்படி ஏறி இறங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, விடியற்காலையில் பறித்த மொட்டு சாயங்காலம் விரிய ஆரம்பித்தால் விலை போச்சு. நீங்கள் எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மதுரை மல்லி உலகப் புகழ் பெற்றது. பூ விவசாயிகள் பெரும் நஷ்டம் அடைகிறார்கள். எங்கள் நிறுவனம் நவீனக் குளிர்பெட்டி தயாரிக்க உள்ளது. இதற்கு இயந்திரம் வாங்க 10 லட்சம் தேவை."

விண்ணப்பத்தைப் படித்து மதிப்பிடும் நிபுணருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் ஐஸை ஒட்டியிருக்கும் மொட்டு குளிரில் கெடுகிறது, தள்ளியிருக்கும் மொட்டு வெப்பத்தில் விரிகிறது. மின்சாரம் இல்லாமல், 24 மணி நேரம், பெட்டியின் எட்டு மூலைக்கும் நடுப்பகுதிக்கும் இடையே 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வராமல் குளிரை நிறுத்த முடியுமா? அதற்கு எந்த உறைபொருள் (ஐஸுக்குப் பதிலாக உறைய வைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பொருள்), எவ்வளவு எடையில், பெட்டிக்குள் எங்கெங்கே வைக்க வேண்டும்? 5 கிலோ பூவுக்கு 2 கிலோவுக்கு மேல் உறைபொருள் தேவைப்பட்டால் சரக்குக் கட்டணம் கட்டுப்படியாகாது, அதைத் தோல்வி என்றே எடுத்துக்கொள்வோம்."

கவனித்தீர்களா, இரண்டாவதில் மதுரையின் புகழ் இல்லை, அளந்து பார்க்கக்கூடிய கேள்வி இருக்கிறது. தோல்வி எது என்பதையும் முன்கூட்டியே சொல்லியாயிற்று. இந்தக் கடைசி வரியை எழுதப் பலரும் பயப்படுகிறார்கள். பயப்படாதீர்கள். எந்த எண்ணில் தோற்போம் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலை தெரியும் என்று நிபுணர் புரிந்துகொள்வார். இந்த நாலைந்து வரிகளுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் தகும்.

மென்பொருள் செய்பவர்களுக்கும் இதே கதைதான். "கடைகளுக்கு பில்லிங் ஆப்" என்றால் அதில் ஆராய்ச்சி இல்லை. நம் ஊர்க் கடைக்காரர் வேகமாகப் பேசும் தமிழை, மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவில், இணையம் இல்லாத சாதாரண போனில் புரிந்துகொண்டு பில் போட முடியுமா என்றால் அங்கே ஆராய்ச்சி இருக்கிறது.

படி 2: இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

டிஆர்எல் என்று ஒன்று கேட்பார்கள். தொழில்நுட்பம் எவ்வளவு தயார் என்பதை 1 முதல் 9 வரை சொல்லும் அளவுகோல். காகிதத்தில் யோசனையாக மட்டும் இருந்தால் 1 அல்லது 2, மேசை மேல் முக்கியமான பகுதி வேலை செய்தால் 3, ஆய்வகத்தில் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்திருந்தால் 4, உண்மையான களத்தை ஒத்த சூழலில் சோதித்தால் 5, 6, சந்தையில் ஓடிக்கொண்டிருந்தால் 9. கூட்டிச் சொல்லாதீர்கள். 3-இல் இருந்துகொண்டு 6 என்று எழுதினால், "பின்னே எதற்கு முன்மாதிரிக்குப் பணம்?" என்று கேட்டு விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு திட்டமும் ஒரு கட்டத்துக்கென்றே இருப்பதால், இந்த எண் சரியாக இருந்தால்தான் சரியான வாசலைத் தட்ட முடியும்.

படி 3: காகிதங்கள்

சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவான உத்யம் இல்லையென்றால் இன்றைக்கே செய்துவிடுங்கள். ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், அரசுத் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

நம் ஊரில் பெரும்பாலான பட்டறைகள் தனி உரிமையாளர் பெயரில் ஓடுபவை. இங்கேதான் சிக்கல். மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறையான டிபிஐஐடி தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் தனி உரிமையாளர் தொழிலுக்குக் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை), அல்லது பதிவு செய்த கூட்டு நிறுவனமாக இருக்க வேண்டும். பழைய தொழிலைக் கலைக்கத் தேவையில்லை, புதிய பொருளுக்கென்று தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். பதிவு செய்த தேதியிலிருந்து சில திட்டங்களுக்குக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதிக்கு விண்ணப்பிக்கும் நாளில் நிறுவனம் பதிவாகி 2 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது விதி. யோசனை மட்டும் இருக்கும்போதே கம்பெனியைப் பதிவு செய்துவிட்டு ஒன்றரை வருடம் சும்மா இருந்தால் இந்த வாசல் கிட்டத்தட்ட மூடிவிடும். தனிநபராகவே வாங்கக்கூடிய மானியங்களை முதலில் பார்த்துவிட்டு, முன்மாதிரி கையில் வரும் சமயத்தில் பதிவு செய்வது நல்லது.

படி 4: எந்தத் திட்டம்?

இதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. முந்தைய மூன்றும் முடியாமல் இதற்கு விடை இல்லை என்பதால்தான் இங்கே வைத்திருக்கிறேன். தொகைகளும் விதிகளும் அவ்வப்போது மாறும், சில திட்டங்கள் ஒரு காலக்கெடுவோடு வருபவை, அதனால் விண்ணப்பிக்கும் முன் அந்தந்தத் தளத்தில் நடப்பு அறிவிப்பை ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

சின்னதாகத் தொடங்க நம் மாநிலத்திலேயே ஒன்று இருக்கிறது. சென்னை கிண்டியில் இருக்கும் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், அதாவது இடிஐஐ நடத்தும் புத்தாக்க வவுச்சர் திட்டம். முதல் வகை வவுச்சர் 2 லட்சம் வரை, இரண்டாம் வகை 5 லட்சம் வரை. ஒரு கல்லூரியையோ ஆய்வு நிறுவனத்தையோ சேர்த்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். யோசனை தேறுமா என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான தொடக்கம் சிறு பட்டறைக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். தொகை சிறியது என்று ஒதுக்காதீர்கள், 2 லட்சத்தில் செய்த சோதனையின் முடிவு அடுத்த 10 லட்சத்துக்கான விண்ணப்பத்தில் உங்களுக்காகப் பேசும்.

அடுத்தது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிராயாஸ். முன்மாதிரி செய்ய 10 லட்சம் வரை, 18 மாதம் வரை. தனிநபரும் கேட்கலாம். டில்லிக்கு அனுப்ப வேண்டியதில்லை, பிராயாஸ் மையமாக அறிவிக்கப்பட்ட இன்குபேட்டர்களில், அதாவது புது நிறுவனங்களுக்கு இடமும் வழிகாட்டலும் தரும் மையங்களில் கேட்க வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் கோயம்புத்தூரைப் பார்ப்பது வழக்கம். இதே துறையில் நிதி-இஐஆர் என்று ஒன்று, வேலையை விட்டுவிட்டு யோசனையில் இறங்குபவருக்கு மாதம் 30,000 ரூபாய் வரை உதவித்தொகை. வீட்டுச் செலவை நினைத்துத் தயங்கும் இளைஞர்களுக்கு இது பெரிய துணை.

மருத்துவக் கருவி, உயிரித் தொழில்நுட்பம், வேளாண் உயிரியல் என்றால் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் அமைப்பான பைராக் தரும் பிக் மானியம். 50 லட்சம் வரை, 18 மாதம். வருடத்தில் இரண்டு தடவை, ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளை ஒட்டி அழைப்பு வரும். தனிநபரும் கேட்கலாம், ஆனால் ஒரு இன்குபேட்டரில் இணைந்திருக்க வேண்டும். போட்டி கடுமை, நிபுணர் கேள்விகளும் ஆழமாக இருக்கும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992-லிருந்து ஆரோலேப் தயாரித்துவரும் ஊர் இது. மருத்துவக் கருவியெல்லாம் மதுரையில் எப்படி என்று யாரும் தயங்க வேண்டியதில்லை.

தனிநபர் கண்டுபிடிப்பாளர்களுக்கு மத்திய அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சித் துறையான டிஎஸ்ஐஆரின் பிரிசம் இருக்கிறது, முதல் கட்டத்தில் 2 லட்சம் அல்லது 20 லட்சம் வரை, இரண்டாம் கட்டத்தில் 50 லட்சம் வரை. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இன்னோவேட்டிவ் திட்டத்தில் ஒரு யோசனைக்கு 15 லட்சம் வரை, அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் வழியாக. விவசாயம் சார்ந்தது என்றால் ராஷ்ட்ரிய கிருஷி விகாஸ் யோஜனாவின் வேளாண் தொழில்முனைவோர் திட்டத்தில் யோசனைக் கட்டத்துக்கு 5 லட்சம், விதைக் கட்டத்துக்கு 25 லட்சம் வரை, முன்னதாக 2 மாதப் பயிற்சியும் உண்டு. இதற்கான மையங்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் இருக்கின்றன. பாதுகாப்புத் துறையின் ஐடெக்ஸ் வேறு மாதிரி: கேள்வியை ராணுவமே கொடுக்கும், விடையோடு நீங்கள் போக வேண்டும். 1.5 கோடி வரை கிடைக்கும், உங்கள் பங்கும் போட வேண்டும். சின்ன நிறுவனம் முதல் முயற்சியிலேயே இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நடத்தும் டான்சீட் விதை நிதி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரையிலேயே அவர்களுக்கு வட்டார மையம் இருக்கிறது, நேரில் போய்ப் பேசலாம். பொதுவாக 10 லட்சம், பசுமைத் தொழில்நுட்பம், பெண்கள் நடத்தும் நிறுவனம் போன்ற பிரிவுகளுக்கு 15 லட்சம். ஆனால் இதற்குப் பதிலாக உங்கள் நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்வார்கள். தவறொன்றும் இல்லை, தெரிந்து கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி. முன்மாதிரிக்கும் சோதனைக்கும் 20 லட்சம் வரை மானியம். ஒரே விண்ணப்பத்தில் மூன்று இன்குபேட்டர்களை விருப்ப வரிசையில் தேர்ந்தெடுக்கலாம். 2021-இல் தொடங்கிய திட்டம், இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று முதலில் பாருங்கள். இதில் ஒரு விதி பலர் கண்ணில் படுவதில்லை: வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் ஏற்கனவே 10 லட்சத்துக்கு மேல் பணமாக வாங்கியிருந்தால் தகுதி போய்விடும். போட்டிப் பரிசு, நிறுவனருக்கு வரும் மாத உதவித்தொகை, ஆய்வகத்தைப் பயன்படுத்திய சலுகை இவையெல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

இதன் பொருள் என்னவென்றால், வாங்கும் வரிசை முக்கியம். நம் மல்லிகைப் பெட்டி நிறுவனம் 2 லட்சம் வவுச்சர், அப்புறம் 10 லட்சம் பிராயாஸ் வாங்கினால் 12 லட்சம் ஆகிவிட்டது, 20 லட்சத்தைக் கேட்க முடியாது. 5 லட்சம் வவுச்சரோடு நிறுத்திக்கொண்டு நேரே விதை நிதிக்குப் போனால் முடியும். 15 லட்சம் டான்சீட் வாங்கியவருக்கும் கதவு மூடிவிடும், 10 லட்சம் வாங்கியவருக்குத் திறந்திருக்கும். முதல் விண்ணப்பம் போடும் முன்பே ஒரு தாளில் மூன்று வருடத்துக்கு இந்த வரிசையைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

படி 5: கூட ஒரு கல்லூரி, ஒரு ஆய்வகம்

சிறு தொழில்காரருக்கு ஆய்வகம் கிடையாது என்பது நிபுணருக்கும் தெரியும். எங்கே அளக்கப் போகிறீர்கள், யார் சரிபார்ப்பார்கள் என்றுதான் கேட்பார்கள். நம்மைச் சுற்றி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்: திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி, ஒத்தக்கடையில் வேளாண் கல்லூரியும் அதன் வளாகத்தில் நபார்டு ஆதரவோடு நடக்கும் வேளாண் வணிக இன்குபேஷன் மையமும், பல்கலை நகரில் காமராசர் பல்கலைக்கழகம், பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி, சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமப் பல்கலைக்கழகம். பேட்டரி, முலாம், துரு சம்பந்தப்பட்டது என்றால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகமே இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம்.

பேராசிரியரைப் பார்க்கப் போகும்போது "மானியம் வாங்கித் தாங்க சார்" என்று போகாதீர்கள். அந்த நாலு வரிக் கேள்வியையும் கையில் இருக்கும் அரைகுறை மாதிரியையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவருக்கும் மாணவர்களுக்கும் அது ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு. யார் என்ன செய்வது, சோதனைக்குக் கட்டணம் எவ்வளவு, வரும் காப்புரிமை யார் பெயரில் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேட்கச் சங்கடப்பட்டு விட்டுவிட்டு, பொருள் வெற்றி பெற்ற பிறகு மனக்கசப்பில் முடிந்தவை உண்டு.

படி 6: வெளியே சொல்லும் முன் தற்காலிகக் காப்புரிமை

கண்காட்சியிலோ யூடியூப்பிலோ காட்டிவிட்டால் அது புதியது இல்லை என்றாகிவிடும் அபாயம் உண்டு. அதனால் முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிடுங்கள். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான், முழு விவரத்தைத் தர 12 மாதம் அவகாசம் கிடைக்கும். நமக்குரிய காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில். ஸ்டார்ட்அப்களுக்கு வழக்கறிஞர் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டமும், உள்நாட்டுக் காப்புரிமை கிடைத்த எம்எஸ்எம்இ நிறுவனங்களுக்கு 1 லட்சம் வரை செலவைத் திருப்பித் தரும் திட்டமும் இருக்கின்றன.

படி 7: விண்ணப்பத்தை எழுதுவது

மத்திய அரசுப் படிவங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இதனாலேயே நல்ல கைத்திறன் உள்ள எத்தனையோ பேர் பின்வாங்குகிறார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். என் யோசனை இது: எல்லாவற்றையும் முதலில் தமிழில், உங்கள் பட்டறைப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் எழுதுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையோ கல்லூரி மாணவரோ அதை ஆங்கிலமாக்கட்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய விண்ணப்பத்தில் பெயரை மட்டும் மாற்றி எழுதிக் கொடுப்பவரிடம் போகாதீர்கள், நிபுணருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஏற்கனவே சந்தையில் என்ன இருக்கிறது என்ற பகுதியை உண்மையாக எழுதுங்கள். "இதுபோல் வேறெதுவும் இல்லை" என்று எழுதினால், தேடிப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இந்தியக் காப்புரிமைத் தளத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் தேடி, கிடைத்த நாலைந்தைப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றும் நம் தேவைக்கு ஏன் போதவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். நம் மல்லிகைப் பெட்டியின் விஷயத்தில், மருந்து கொண்டுபோகும் குளிர்பெட்டி ஏற்கனவே இருக்கிறதே, அதில் பூவை வைத்தால் என்ன என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். அதன் விலையும் எடையும் பூ வியாபாரிக்கு ஏன் ஒத்துவராது என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

பட்ஜெட்டைக் கேள்வியோடு கட்டிப்போடுங்கள். மல்லிகைப் பெட்டிக்கு 10 லட்சம் கேட்பதாக இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: உறைபொருள், பெட்டிப் பொருள், மோல்டு எல்லாம் சேர்த்து 3,20,000. எட்டு மூலைக்கும் நடுவுக்கும் ஒன்பது வெப்ப உணரிகள், பதிவுக் கருவியோடு 60,000. பூவின் தரத்தை ஆய்வகத்தில் பார்க்கக் கட்டணம் 1,80,000. பூவும் லாரி வாடகையும் சேர்த்து களச் சோதனைக்கு 1,40,000. வெளியில் வடிவமைப்பு வேலைக்கு 1,60,000. காப்புரிமைக்கு 40,000. எதிர்பாராத செலவுக்கு 1,00,000. கூட்டிப் பார்த்தால் சரியாக 10 லட்சம் வரும். ஒவ்வொரு வரிக்கும் "இது எந்தச் சோதனைக்கு?" என்று கேட்டால் பதில் இருக்கிறது, லேப்டாப், ஏசி, அலுவலக வாடகை எதுவும் இல்லை. நிலம், கட்டிடத்துக்கு இந்த மானியங்களில் இடமில்லை. சம்பளத்துக்கு எவ்வளவு அனுமதி என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பெரிய செலவுகளுக்கு மூன்று கொட்டேஷன் வாங்கி இணைத்துவிடுங்கள், கப்பலூரிலேயே மோல்டு செய்பவர்கள் இருக்கும்போது விலை வாங்குவது ஒரு நாள் வேலை.

காலத்தையும் அப்படியே பிரியுங்கள். முதல் 3 மாதம் பொருள் தேர்வு, அடுத்த 5 மாதம் முதல் பெட்டியும் மேசைச் சோதனையும், பிறகு 6 மாதம் திருத்தமும் கோடையிலும் மழைக்காலத்திலும் களச் சோதனையும், கடைசி 4 மாதம் அறிக்கையும் காப்புரிமையும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கையில் என்ன இருக்கும் என்று எழுத வேண்டும், ஏனென்றால் பணம் தவணையாக அதைப் பார்த்துத்தான் வரும். மல்லிகை வரத்து குறையும் மார்கழி, தை மாதங்களில் களச் சோதனை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மாதிரி விவரம் உள்ளூர் ஆளுக்குத்தான் தெரியும், அதுதான் உங்கள் பலம், அதை விண்ணப்பத்தில் காட்டுங்கள்.

பூ வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் "இன்ன விலையில் இப்படி ஒரு பெட்டி வந்தால் வாங்கிப் பயன்படுத்திப் பார்ப்போம்" என்று கையெழுத்தோடு கடிதம் வாங்கி இணைப்பது பத்துப் பக்கச் சந்தை ஆய்வைவிட எடுபடும்.

படி 8: நேர்காணல்

சில நிமிடங்கள்தான் கிடைக்கும். பிரச்சினை, கேள்வி, இதுவரை செய்து பார்த்தது, இனி செய்யப்போவது, ஆட்கள் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். முடிந்தால் மாதிரியைக் கையோடு கொண்டுபோங்கள். மாநில அரசுத் திட்டங்களில் தமிழில் பேசத் தயங்க வேண்டாம். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யோசனைக்காரர் பேச வேண்டும், ஆலோசகரோ பேராசிரியரோ உங்களுக்காகப் பதில் சொன்னால் அது எடுபடாது.

படி 9: பணம் வந்த பிறகு

தேர்வானதும் ஒப்பந்தம், பிறகு முதல் தவணை. இடையில் மாதங்கள் ஓடும், அதுவரை பட்டறையை ஓட்ட ஆர்டர்களைக் கைவிடாதீர்கள், மானியத்தை நம்பி வட்டிக்கு வாங்கிப் பொருள் எடுக்கவும் வேண்டாம். ஒப்பந்தத் தேதிக்கு முன் செய்த செலவைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

இதற்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். சொந்தத் தொழிலின் பணம் ஒரு ரூபாய்கூட அதில் கலக்கக் கூடாது, அவசரத்துக்கு அதிலிருந்து எடுத்து அப்புறம் போடுவதும் கூடாது. மத்திய அரசின் பொது நிதி விதிகளின்படி செலவு முடிந்ததும் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும், பேச்சு வழக்கில் யூசி என்பார்கள், ஆடிட்டர் கையெழுத்திட்ட செலவுக் கணக்கும் கூடவே போகும். கணக்கில் சேர்ந்த வட்டி உங்களுடையது இல்லை, அரசுக்குத் திரும்பப் போக வேண்டும். யூசி போகாவிட்டால் அடுத்த தவணை வராது. அதனால் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு ஜிஎஸ்டி பில்லிலும் "எந்தத் தலைப்புச் செலவு" என்று பென்சிலால் எழுதி ஒரு ஃபைலில் போட்டுவிடுங்கள். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற வேண்டியிருந்தால் செலவு செய்யும் முன் எழுதிக் கேளுங்கள். மானியத்தில் வாங்கிய கருவியை அனுமதி இல்லாமல் விற்கவும் முடியாது. மானியத்துக்கு வருமான வரி எப்படி என்பதை உங்கள் ஆடிட்டரிடம் முதல் தவணை வரும்போதே பேசிவிடுங்கள், மார்ச் மாதத்துக்கு ஒத்திப்போட வேண்டாம்.

சோதனை எதிர்பார்த்தபடி வரவில்லை என்றால் மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள். 24 மணி நேரம் எதிர்பார்த்து 15 மணி நேரம்தான் வந்தது, காரணம் மூடியின் இடைவெளி என்று எண்களோடு எழுதினால் அது மதிக்கப்படும் வேலை.

ஏஜென்டுகளும் நிராகரிப்பும்

"மானியம் வாங்கித் தருகிறோம், 10 சதவீதம் கமிஷன், முன்பணம் 25,000" என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களை அண்டவிடாதீர்கள். நியாயமான கட்டணத்துக்கு எழுத உதவுபவர்கள் உண்டு, ஆனால் கிடைத்துவிடும் என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. மானியத்திலிருந்து கமிஷன் கொடுத்தால் அதை எந்தத் தலைப்பில் கணக்கு காட்டுவீர்கள்? இன்குபேட்டர்களே இலவசமாக வழிகாட்டுகிறார்கள், முதலில் அங்கே போங்கள்.

முதல் தடவை கிடைக்காமல் போவது சகஜம். மனம் உடைந்து ஃபைலை மூடிவிடாமல், நிபுணர்களின் கருத்தைத் தரும்படி எழுதிக் கேளுங்கள். "புதுமை போதவில்லை" என்றால் படி 1-க்குத் திரும்ப வேண்டும். "குழு போதவில்லை" என்றால் படி 5. "ஆரம்பத் தரவு இல்லை" என்றால், கைக்காசு கொஞ்சம் போட்டு ஒரு தெர்மாகோல் பெட்டியும் நாலு வெப்பமானியும் வைத்தாவது அந்தத் தரவை எடுத்துவிடுங்கள். ஜூலையில் திரும்பி வந்த விண்ணப்பத்துக்கு அந்த எண்களைச் சேர்த்து, கருத்துகள் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கம் இணைத்து, ஜனவரி அழைப்பில் மறுபடி போடலாம்.